மூணு மணிக்கு ஓடிய பம்ப்

“யாரு இந்த டைமர்ல கை வச்சது?”

புவனேஸ்வரன் போட்ட சத்தத்தில், நீச்சல் குளத்தில் இலை அரித்துக்கொண்டிருந்த அப்துல் காதரின் வலை அப்படியே நின்றது.

மணி நாலரை. பிறை டவுனில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் புவனேஸ்வரன், ஏழு மணிக்கு முன்னால் தஞ்சோங் பூங்கா வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார். இன்றைக்கு லோரி படுத்துக்கொண்டதால் சீக்கிரம் திரும்பினார். காடியை விட்டு இறங்கினால், பின்பக்கம் குளத்துப் பம்ப் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது!

மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் அவர் வீட்டுக்குக் கரண்டு விலை கூடுதல். அதனால்தான் காலை எட்டுக்கு ஆரம்பித்து ரெண்டு மணிக்கு நிற்கிற மாதிரி டைமரை அவரே வைத்திருந்தார். “எட்டு மணி நேரம் ஓடினா நல்லதுண்ணே” என்று காதர் சொன்னதற்கு, நாலு மணி நேரத்தில் பேரத்தை ஆரம்பித்து ஆறில் முடித்தவர். பம்ப் ஓடுகிற நேரத்துக்கும் பேரம் பேசுகிற ஆளைக் காதர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

இப்போது என்னடா என்றால், டைமர்ச் சக்கரத்தில் மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் உள்ள பற்களையும் எவனோ அமுக்கி வைத்திருக்கிறான்.

“பாய், இந்தப் பெட்டிய எனக்கும் உனக்கும்தான் திறக்கத் தெரியும். நான் திறக்கல.”

“நான்தாண்ணே மாத்தினேன்.”

ஒத்துக்கொண்டதில் புவனேஸ்வரனுக்கு இன்னும் ஏறியது. மழுப்பியிருந்தாலாவது வாயைக் கிளறிப் பிடுங்கிய திருப்தி கிடைத்திருக்கும்.

“ஏன்?”

காதர் வலையில் கிடந்த இலைகளைப் பார்த்தார்.

“கேக்கிறேன்ல? ஏன் மாத்துன?”

“அது... என்னால சொல்ல முடியாதுண்ணே.”

“என்னாது? வீடு என்னோடது, பம்ப் என்னோடது, கரண்டு என்னோடது. காரணம் மட்டும் உன்னோடதா?”

“அண்ணே, கோவப்படாதீங்க...”

“எனக்குத் தெரியும்லா! பம்ப்ப ஓட்டி ஓட்டிப் புகைய விடணும். ‘மோட்டார் போச்சுண்ணே, புதுசு வாங்கணும்’னு வந்து நிக்கணும். கடைக்காரன்கிட்ட கமிஷன் அடிக்கணும். பதினாலு வயசுல லோரியில மூட்டை தூக்க ஏறினவன் நான். தராசுல கட்டைவிரல் வைக்கிற ஆளுங்கள எத்தன பேரப் பாத்திருப்பேன்! எங்கிட்டயேவா?”

காதரின் முகம் சுண்டிப்போனது. “பதினெட்டு வருஷமா குளம் கழுவுறேன். திருடன்னு ஒருத்தரும் சொன்னதில்லண்ணே.”

“இப்ப நான் சொல்றேன். கிளம்பு! இந்த ரோட்டுல குளம் வச்சிருக்கிற அத்தன பேருக்கும் இன்னிக்கே வாட்ஸாப்ல போடுறேன். எவன் உன்ன உள்ள விடுறான்னு பாப்போம்.”

காதர் வலையைச் சுவரில் சாய்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

“நில்லுங்க பாய்!”

புவனேஸ்வரனின் மனைவி துளசி. ஈரத் தலையில் சுற்றிய துண்டோடு ஓடி வந்தாள்.

“டைமர மாத்தச் சொன்னது நான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான். கத்தணும்னா என்கிட்ட கத்துங்க.”

“உனக்கு எதுக்குடி பம்ப்பு?”

“குளத்துல ஆள் இறங்கினா பம்ப் ஓடணும், இல்லாட்டி தண்ணி கெட்டுப்போகும்னு பாய் சொன்னாரு. நோர்மா டீச்சர் இருக்காங்கல்ல, பக்கத்து வீட்டுல? ஸ்கூல் முடிஞ்சு மூணு மணிக்குத்தான் அவங்களால வர முடியும். எனக்கு நீச்சல் சொல்லித் தராங்க.”

“அம்பத்தாறு வயசுல நீச்சலா? மெடல் வாங்கப் போறியா? அதுவும் கரண்டு விலை ஏறின நேரமாப் பாத்து!”

துளசி பம்ப் அறைக்குப் பின்னால் போய், ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தாள். முக்காலுக்கு மேல் தண்ணீர் ரொப்பி மூடியிருந்தது. அதன்மேல் புவனேஸ்வரனின் பழைய பூப்போட்ட பாத்தேக் சட்டை. கழன்று போகாதபடி கயிற்றுக் கட்டு.

“என்ன இது?”

“நீங்க.”

புவனேஸ்வரன் விழித்தார்.

“டாக்டர் சொன்னாருன்னு காலையில தண்ணியில நடக்கிறீங்க. போன மாசம் கால் வழுக்கி ஆழத்துப் பக்கம் போனீங்களே, என்னால கரையில நின்னு கத்தத்தான் முடிஞ்சுது. எப்படியோ கம்பியப் பிடிச்சு ஏறினீங்க. ஏறினதும் என்ன சொன்னீங்க? ‘குளம் வச்சிருக்கிறவனுக்கு நீந்தத் தெரியாதுன்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும், மூச்சு விடாதே.’ பாய்கிட்டயும் டீச்சர்கிட்டயும் மட்டும்தான் சொன்னேன். உங்க கனத்துக்கு பாய்தான் இதச் செஞ்சு குடுத்தாரு. திருடன்னு சொன்னீங்க, அப்பவும் உங்க மானத்த அவரு விட்டுக் குடுக்கல.”

புவனேஸ்வரன் டிரம்மைப் பார்த்தார். கேட்டருகே வாளியோடு நின்றவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“வலைய எடுங்க பாய்.”

பிறகு, பழக்கம் விடவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டு மனைவியிடம் கேட்டார்.

“ரெண்டு மணி நேரமா வேணும்? ஒரு மணி நேரத்துல முடிச்சுக்கக் கூடாதா?”

“இதக் கரைக்கு இழுத்துட்டு வர எனக்கு இன்னமும் அஞ்சு நிமிஷம் ஆகுதுங்க. தண்ணிக்குள்ள முங்கின ஆளு அவ்வளவு நேரம் தாங்காதாம். அத ரெண்டு நிமிஷமாக் குறைக்கிற வரைக்கும் பம்ப் ஓடட்டும்.”