காலர் முனை

"தைக்கத் தெரியாத நீயெல்லாம் எதுக்குடா வீடியோ போடுற? மெஷினைப் பழைய இரும்புக்குப் போடு."

டைலர் சத்தமா படிச்சுக்கிட்டே டைப் பண்ணாரு. போன்ல ரெண்டு கை மட்டும் தெரிஞ்சுது, சட்டைக் காலர் தைக்குற கை.

பக்கத்துல பட்டன் தைச்சுக்கிட்டிருந்த பொண்டாட்டி எட்டிப் பார்த்தா. "அதை அனுப்பாதீங்க."

"ஏன், மனசுல பட்டதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?"

"தாராளமா இருக்கு. ஆனா இதைப் படிச்சா அவன் தையலையே விட்டுடுவான், காலர் சரியாகுமா? என்ன தப்புன்னு சொல்லுங்க."

"முனை கூரா வரல, உருண்டையா நிக்குது. திருப்புறதுக்கு முன்னாடி மூலைத் துணியை வெட்டியிருக்கணும்."

"அதை எழுதுங்க. தையல் நேரா இருக்குல்ல, அதையும் சேர்த்துக்கோங்க."

"ஊர் பேர் தெரியாதவனுக்கு ஐஸ் வேற வைக்கணுமா?" முணுமுணுத்துக்கிட்டே எல்லாத்தையும் அழிச்சிட்டு, அவ சொன்ன மாதிரியே எழுதி அனுப்பினாரு.

சாயங்காலம் மாடியில இருந்து மாப்பிள்ளை இறங்கி வந்தாரு, கையில பாதி தைச்ச சட்டை. டைலர் டக்குனு எழுந்து நின்னாரு.

"மாமா, உங்ககிட்ட காட்ட வெட்கப்பட்டுக்கிட்டு நானே தையல் கத்துக்கிட்டு வீடியோ போடுறேன். எல்லாரும் கிண்டல்தான் பண்றாங்க. இன்னிக்கு ஒருத்தர் மட்டும் தப்பு எங்கேன்னு சொன்னாரு. பாருங்க, முனை எவ்வளவு கூரா வந்திருக்கு."

டைலர் பொண்டாட்டி பக்கம் மெதுவா திரும்பினாரு. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். சொல்லியிருந்தா, மாப்பிள்ளை தைச்சதுன்னு ஆஹா ஓஹோன்னு புகழ்ந்திருப்பீங்க. காலர் இன்னும் உருண்டையாவே நின்னிருக்கும்."