வழக்கமான சவாரி

எங்கள் கையில் பெட்டியைப் பார்த்ததும், எங்கே என்று கேட்காமலேயே ஆட்டோக்காரர் எங்களை ரயில் நிலைய வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார். வழியெல்லாம் கடைப் பலகைகளில் நாலு மொழி எழுத்து. இவரும் பழக்காரியிடம் ஒரு மொழியில் வழிவிடச் சொல்லி, லாரிக்காரனை இன்னொன்றில் திட்டி, போனில் வீட்டுக்காரியிடம் மூன்றாவதில் குழைந்துகொண்டுதான் வந்தார். "சட்டுனு இறங்குங்க, பெரிய ஊருக்குப் போற ரயில் கிளம்பப் போகுது." என் மனைவி இறங்கவில்லை. "நாங்க இந்த ஊரைப் பார்க்கத்தாண்ணே வந்தோம்" என்கிறாள். "இதையா? நான் பொறந்து வளர்ந்த ஊரும்மா, இங்க என்ன இருக்கு?" கண்ணாடியில் எங்களை ஏற இறங்கப் பார்க்கிறார். ரயில் கூவுகிறது, எனக்கே இறங்கி ஓடிவிடலாம் போலிருக்கிறது. முணுமுணுத்தபடி வண்டியைத் திருப்புகிறார். தெருமுனையில் இண்டிகேட்டர் இடப்பக்கம் துடிக்கிறது, அணைகிறது, வலப்பக்கம் துடிக்கிறது. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. எந்தப் பக்கம் போவதென்று எங்களைத் திரும்பிப் பார்க்கிறார்.