வாங்கிய விலை பூஜ்யம்

வரி கட்டும் கெடு முடிய முப்பத்தொரு மணி நேரம் இருந்தது.

ஆடிட்டர் ஹமீதின் அறையில் வந்தவர்களுக்கென்று மூன்று நாற்காலிகள். ஒன்றில் அவளுடைய அண்ணன் லிங்கதுரை. ஒன்றில் தம்பி சுயம்பு. மூன்றாவதில் அண்ணனின் பை.

அவள் நின்றாள்.

"ஒரு லட்சத்து இருபத்தாறாயிரத்து எழுநூத்தம்பது," என்றார் ஹமீது.

சுயம்பு டீயைக் கீழே வைத்தான். "எதுக்கு சார்?"

"வரி. இருக்கிற ஒவ்வொரு ஷேருக்கும் இன்னொண்ணுன்னு பேங்க் போனஸ் ஷேர் கொடுத்துச்சுல்ல, அதை வித்ததுக்கு."

"அது பேங்க்காரன் சும்மா குடுத்ததுல்லா?"

"சும்மா கொடுத்ததாலதான். வாங்கின விலை பூஜ்யம். வித்த பதினோரு லட்சமும் லாபம். கழிவு போக இவ்வளவு வருது."

அண்ணன் சிரித்தார். "நல்ல கூத்துல்லா இது. ஓசியில குடுத்ததுக்கும் வரியா? கோயில்ல சுண்டல் வாங்கினா அதுக்கும் கட்டணுமோ?"

சுயம்புவும் சிரித்தான்.

அண்ணன் சிரித்தால் அவன் சிரிப்பான். பால்பல் விழுவதற்கு முன் தொடங்கிய பழக்கம். நாற்பத்தொன்பது வயதாகிவிட்டது.

அவள் இருவரையும் பார்த்தாள். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாகக் குடுவை கழுவுகிறாள். சில கறை அமிலத்துக்கும் போகாது.

பங்குகளை அப்பா அவள் பெயரில் வாங்கியிருந்தார். அவள் கல்யாணத்துக்கென்று.

கல்யாணம் நடக்கவில்லை. அப்பாவும் போய்விட்டார்.

அதன்பிறகு வீட்டில் ஒரே பேச்சுதான். பேருக்குத்தான் அவ பேரு.

போன கார்த்திகையில், வித்துக் குடு என்றார்கள். விற்றாள். அண்ணனுக்கு ஐந்தரை லட்சம். தம்பிக்கு ஐந்தரை லட்சம்.

அண்ணன் வீட்டில் கிரானைட் தரை வந்தது. தம்பி வீட்டு வாசலில் கார் வந்தது.

அவளுக்கு ஒரு சேலை வந்தது. அண்ணி ஒருமுறை கட்டிப் பார்த்து, நிறம் எடுக்கவில்லை என்று வைத்தது.

"ஆளுக்குப் பாதி போட்டிருங்களேன், அண்ணே," என்றாள். "எனக்கு நாலு மாசச் சம்பளம் அது."

கையில் பணமில்லை. கழுத்துச் சங்கிலி ஒன்றுதான். நாளைக் காலை அடகுக் கடை திறந்ததும் போய் நிற்க வேண்டும்.

"ஷேர் யாரு பேருல இருந்துச்சு?" என்றார் அண்ணன்.

"என் பேருல."

"பொறவு?"

சுயம்பு மோட்டுவளையைப் பார்த்தான். அங்கே மின்விசிறி தவிர ஒன்றுமில்லை.

ஹமீது தொண்டையைச் செருமினார்.

"பணம் உங்க ரெண்டு பேர் கணக்குக்கும் போயிருக்கு. ஷேர் உண்மையில உங்களுதுன்னா வரியும் உங்களுது. அவங்களுதுன்னா, இது அவங்க உங்களுக்குக் கொடுத்த அன்பளிப்பு. கூடப் பிறந்தவங்க கொடுத்தா உங்களுக்கு வரி கிடையாது. எதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. நோட்டீஸ் வந்தா காட்டணும்."

வரி கிடையாது என்பதற்குப் பிறகு அண்ணனுக்கு எதுவும் காதில் விழவில்லை.

"அது அவளுக்குன்னு எங்க அப்பா வாங்கினது சார். நாங்க ஒரு நாளும் உரிமை கொண்டாடினது கிடையாது."

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

"அக்கா சொத்து அக்காவுக்குத்தான்," என்றான் சுயம்பு. "நல்லா எழுதுங்க சார்."

ஹமீது நன்றாகவே எழுதினார். அச்சிட்டு, வாசித்தார்.

தந்தை எங்கள் சகோதரிக்காக வாங்கிய மேற்படி வங்கியின் பங்குகளும், அவற்றால் வந்தவையும் முழுக்க அவருக்கே உரியவை. எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ அவற்றில் எந்த உரிமையும் இல்லை.

கடைசி வரியை இரண்டு முறை வாசித்தார்.

அண்ணன் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

இப்போது சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கேட்டிருந்தால் எட்டு மாதத்தில் எந்த நாளிலும் சொல்லியிருப்பாள். மறைக்க அவள் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. அவர்கள் பணம் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். தினமும் கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

விற்றது எது என்று இன்றும் இதே அறையில் ஹமீது சொன்னார். இரண்டு பேருக்கும் காது இருக்கிறது.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். கீழே இரண்டு கோடு இழுத்து, ஒரு புள்ளி வைத்தார். பெரிய மனிதர் கையெழுத்து.

தம்பி அதைப் பார்த்துத் தானும் இரண்டு கோடு இழுத்தான்.

"கட்டிரு, பிள்ள," என்று அண்ணன் எழுந்தார். "ஒத்த ஆளு நீ. ஒனக்கு என்ன செலவு கெடக்கு?"

"ஆமாக்கா. ஒனக்குன்னு யாரு இருக்கா?" என்றான் சுயம்பு. ஆறுதலாகத்தான் சொன்னான். அவனுக்கு அவ்வளவுதான் வரும்.

இருவரும் வாசலுக்குப் போனார்கள். அண்ணன் குனிந்து செருப்பைத் தேடினார்.

ஹமீது தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். வருகிற எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"வேற ஏதாவது விக்கிறதுக்கு மிச்சம் இருக்காம்மா? இருந்தா அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடுங்க."

அவள் மெதுவாகப் பேசுகிறவள். ஆய்வகத்தில் பலமுறை திருப்பிக் கேட்பார்கள்.

வாசல்வரை கேட்கும்படி சொன்னாள்.

"இருக்கு சார். வித்தது போனஸ் மட்டும்தான். அப்பா வாங்கினதுல ஒண்ணுகூட விக்கல."