வாயிலில் நின்ற மஞ்சள்

கேட்பவர் முதலில் அறிய வேண்டியது இது: மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டால் நடுவிலுள்ள நரம்பணுக்கள் உடனே மாயும், ஓரத்திலுள்ளவை சற்று நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி மூளையில் அடைப்பு வந்து படுத்திருந்த ஒரு பெரியவரின் ஓரத்து அணு ஒன்றிடம்தான் அவருடைய மகள் அலர்மேலின் பெயரும் முகமும் இருந்தன.

அணுவுக்கு மூச்சு முட்டியது. அப்போது, அதைக் காப்பாற்ற ஓடிவந்த மஞ்சளின் சத்து, மூளையின் வாயிற்கதவைத் தட்டுவது கேட்டது.

"யார் நீ?" என்றான், இரத்தத்தில் வரும் எதையும் எளிதில் மூளைக்குள் விடாத வாயிற்காவலன்.

"நீயா? கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் நான் இருப்பேன். 'நீங்கள்' என்று கேள்!"

"ரசத்தில் மிதக்கிறவனுக்கு 'நீங்கள்' ஒரு கேடா?"

"ஐயா, எப்படி அழைத்தால் என்ன? உள்ளே வாருங்கள்!" என்று அணு கதறியது.

"பொறு தம்பி. இவன் வாயால் அதைச் சொல்லவைத்துவிட்டு வருகிறேன்" என்றது மஞ்சள்.

அணு தன்னிடமிருந்தவற்றை இறுகப் பற்றிக்கொண்டது. முதலில் பெயர் நழுவியது; பிறகு முகம்.

பின்னர் உறுதியானவை இவை: காவலன் இறங்கிவந்து, "நீங்கள் வரலாம்" என்றான். மஞ்சள் தலைநிமிர்ந்து உள்ளே சென்றது. ஓரத்து அணு அப்போது உயிருடன் இல்லை. பெரியவர் பிழைத்தார், கைகால்களும் பேச்சும் நன்றாகவே இருந்தன. கட்டிலருகே அழுதுகொண்டிருந்த அலர்மேலைப் பார்த்து அவர், "நீங்கள் யாரம்மா?" என்று கேட்டார்.