வெள்ளை வந்தால் புது லைன்

காலை எட்டு மணிக்குள் ஜங்ஷனுக்கு அருகே மூன்றாவது முறையாக ரயில் கவிழ்ந்தது. என்ஜின் தலைகுப்புற விழுந்து, நான்கு பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. உயிர்ச்சேதம் இல்லை.

சின்னையன் என்ஜினை இரண்டு விரலால் தூக்கி, தூசியை ஊதிவிட்டு, மறுபடி சாவி கொடுத்தார். அது வளைவு வரை ஒழுங்காகப் போய் நான்காவது முறை விழுந்தது.

முப்பது வருடம் கீழே சேலத்தில் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்தவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு மலைமேல் இருக்கும் சொந்த ஊரான வளப்பூர் நாட்டுக்கே திரும்பியதும், வீட்டில் இருந்த இரண்டு அறைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இந்தப் பொம்மை ரயில்பாதையைப் போட்டார். பலாப் பலகைமேல் குடைக்கம்பித் தண்டவாளம், எண்ணெய் டின் தகரத்தில் ஸ்டேஷன். மலையில் பாதிப் பேர் ரயில் என்று பார்த்தது இதைத்தான். ஒருமுறை கீழே போய் நிஜ ரயிலைப் பார்த்த பக்கத்து வீட்டு ராசப்பன், இவ்வளவு பெரிசாக எதற்குச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

எட்டு வருடத்தில் பலகையைக் கரையான் தின்றுவிட்டது. இனி ஒட்டுப்போட இடமில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதா, பிடுங்கியதோடு விட்டுவிடுவதா என்று ஒரு மாதமாகச் சின்னையனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி இருசாயிக்கு இதில் குழப்பமே இல்லை.

"புதுசும் வேண்டாம், பழசும் வேண்டாம். எனக்கு அந்த ரூமு வேணும். சாமை மூட்டையத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு எட்டு வருசமா எலியோட படுக்கறனுங்க. மொளகு கொட்டி வெக்க எடமில்ல. ரயிலுக்கு மட்டும் தனி ஊடு!"

"அது ஓடலீன்னா நான் காலையில எதுக்குப் புள்ள எந்திரிக்கறது?" என்றார் சின்னையன். இந்த வயதில் அவருக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான்.

"கெழங்கு புடுங்க எந்திரிங்க" என்றாள் இருசாயி.

பஞ்சாயத்துப் பேச அவள் தம்பி குழந்தைவேல் வந்தார். அக்கா பக்கம் பேசினால் மாமா முகம் தொங்கியது. மாமா பக்கம் பேசினால் அக்கா சட்டியை நங்கென்று வைத்தாள். காபி ஆறும்வரை யோசித்துவிட்டு, "பேசாம கருப்பனாருகிட்டப் பூ கேட்டுரலாமுங்க மாமா" என்றார்.

பூ கேட்பது என்றால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்துவிட்டு, ஏதாவது ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் புது லைன் போடலாம். சிவப்பு வந்தால் ரயிலைத் தலைமுழுகிவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும்.

"சாமி என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படறேன்" என்றார் சின்னையன்.

"நானுந்தான்" என்றாள் இருசாயி.

இருவரும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனது குழந்தைவேலுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இருசாயி தலைக்குக் குளித்து, வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டிக் கணவன் கையில் கொடுத்தாள். கோயிலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைக்கிறேன் என்று சின்னையன் முன்னால் போனார். அக்காவும் தம்பியும் போய்ச் சேர்ந்தபோது வாசல் பளிச்சென்று இருந்தது. எப்போதும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் பக்கத்து நந்தியாவட்டைச் செடியில் பெயருக்கு ஒரு பூ இல்லை. பொட்டலங்கள் இரண்டும் சாமி காலடியில் தயாராக இருந்தன.

குழந்தைவேல் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

சின்னையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. அங்கிருந்தே பலகைக்கு மரம் பார்க்கக் கிளம்பிவிட்டார். இருசாயி பூவையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

மிச்சப் பொட்டலத்தை ஓடையில் விடப்போன குழந்தைவேலுக்குப் பாசியில் கால் வழுக்கியது. பொட்டலம் அவிழ்ந்து பூவெல்லாம் பாறைமேல் கொட்டியது. அதுவும் வெள்ளை.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எட்டு வருடம் வாய் ஓயாமல் வைத அக்கா, தன் அறையையும் விட்டுக்கொடுத்து, சாமியையும் ஏமாற்றி, அந்த மனுஷனின் ரயிலைக் காப்பாற்றியிருக்கிறாள். கொட்டிய பூவை அள்ளித் தண்ணீரில் விட்டுவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் இருசாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேல் அவள் எதிரில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நானாப் பிரிக்கல, பொட்டலம் தானா அவுந்துருச்சு. ரெண்டுலயும் நீ வெள்ளப் பூவ வெச்சத மாமாகிட்ட நான் சாகற வரைக்கும் சொல்ல மாட்டேன். இந்த மனசு யாருக்கு வரும்!"

முறம் பாதியில் நின்றது. இருசாயி தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் நான் செவப்புத்தானடா வெச்சேன்!"