வெளிப்பக்கம் வேர்த்த கண்ணாடி

"இன்னா சார், இம்மாம் பெரிய லாரி நிக்குது, கண்ணுக்குத் தெர்லயா?"

தண்ணீர் லாரியின் டிரைவர் இறங்கி வந்து என் ஜன்னலைத் தட்டினார். உண்மையிலேயே தெரியவில்லை. என் காரின் முன்கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெளுத்துக் கிடந்தது. சிக்னல் விழுந்ததும் அவர் நின்றுவிட்டார். ஒரு ஊகத்தில் போய்க்கொண்டிருந்த நான், 'டொம்' என்று அவர் முதுகில் போய் நின்றேன்.

மேடவாக்கத்தில் பெண் பார்த்து முடித்துக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. "வாங்க தம்பி, உங்க வண்டியிலயே கேம்ப் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று பெண்ணின் அப்பா பாலகுரு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் பெண், ஓவியா. என்னைப் பிடித்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "சீட் பெல்ட் போடுங்க."

எனக்கு முப்பத்துமூன்று வயது. இது ஏழாவது வீடு. முந்தைய ஆறு வீடுகளிலும் பைக்கில் போய் இறங்கினேன். ஆறு வீட்டுக் கேசரியும் ருசியாக இருந்தது, அவ்வளவுதான் லாபம். ஆகவே இந்த முறை என் நண்பன் சக்தி யாரிடமோ பேசி, ஒரு நாள் வாடகைக்கு இந்த வெள்ளைக் காரைப் பிடித்துக் கொடுத்தான். வாசலில் இறங்கும்போதே, "போன வருஷம்தான் சார் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கக்கூட இல்லை.

மழை விட்டு வெயில் அடித்த புழுக்கம். மாமனார் ஆகக்கூடியவருக்கு வேர்க்கக் கூடாதே என்று ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து, பக்கத்தில் இருந்த பொத்தான்களையும் ஒரு மரியாதைக்கு அழுத்தி வைத்தேன். செம்பாக்கம் தாண்டுவதற்குள் கண்ணாடி வெளுத்து ரோடு மறைந்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க, கைக்குட்டைதான் சுத்தமாக இருந்தது.

"சார், தண்ணி வெளியில கீது. நீ உள்ள தொடச்சிகினு கீறியே!" லாரி டிரைவர் கண்ணாடியின் வெளிப்பக்கம் விரலால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின் வழியாக இம்மாம் பெரிய லாரி தெரிந்தது.

பாலகுரு பார்க்காமலே கையை நீட்டி ஒரு குமிழைத் திருப்பினார். "ஏ.சி. காத்தை அப்படியே கண்ணாடி மேல திருப்பி வெச்சிருக்கீங்க தம்பி. கண்ணாடி சில்லுனு ஆயிடுச்சு, வெளியில புழுக்கம். ஐஸ் மோர் டம்ளர் மாதிரி வெளிப்பக்கம் வேர்க்கத்தான் செய்யும். வைப்பரைப் போடுங்க."

போட்டேன். இண்டிகேட்டர் எரிந்தது. இன்னொன்றைப் போட்டேன். ஹெட்லைட் எரிந்தது. மூன்றாவதை இழுத்தேன். பின்னால் டிக்கி திறந்துகொண்டது. ஓவியாவின் சிரிப்பு பாதி வழியில் இருமலாக மாறியது.

கடைசியில் பாலகுருவே எட்டி வைப்பரைத் தட்டினார். இரண்டே வீச்சில் தாம்பரம் ரோடு பளிச்சென்று வந்து நின்றது.

"சொந்த வண்டிதானே தம்பி?"

"ஆ... ஆமா சார்."

நானும் பாலகுருவும் இறங்கிப் பார்த்தோம். லாரிக்கு ஒரு கீறல் இல்லை. என் பம்பர் மட்டும் பல் விழுந்த குழந்தைபோல இளித்தது.

"ரெண்டு அபார்ட்மென்ட்டு தண்ணி இல்லாம காத்துகினு கீது. லேட்டானா என்னத்தான் ஏசுவாங்க. சும்மா பேஜார் பண்ணிகினு!" டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

பாலகுரு என் தோளில் கை போட்டுக்கொண்டார். "விடுப்பா. நம்ம வீட்டு மாப்பிள்ளை. பொண்ணு பின்னாடி உக்காந்திருக்கா, கண்ணு ரோட்டுலயா நிக்கும்?"

"அத்த மொதல்லியே சொல்றதில்ல? நல்லா இரு சார்!" டிரைவர் சிரித்தபடி ஏறிப் போய்விட்டார்.

மாப்பிள்ளை! ஆறு வீடுகளில் கிடைக்காத வார்த்தை, நடுரோட்டில், லாரிப் புகைக்கு நடுவில் கிடைத்துவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்துத் தீர்த்த அத்தனை வண்டிகளும் எனக்கு மேளம் வாசிப்பதாகவே பட்டது.

அந்தச் சந்தோஷம்தான் காரியத்தைக் கெடுத்தது. தோளில் இருந்த கை கனத்தது. எவ்வளவு நம்பிக்கையாகப் போட்டிருக்கிறார் மனிதர், எவ்வளவு பெரிய புளுகன் மேல்!

"சார், இது என் வண்டி இல்ல" என்றேன். வாய் திறந்துகொண்டதே தவிர மூடவில்லை. "வாடகை வண்டி. என்கிட்ட இருக்கறது ஒரு பைக். அதுவும் நாலு உதை விட்டாத்தான் கிளம்பும். லைசென்ஸ் எடுத்த பிறகு கார் ஓட்டறது இது மூணாவது நாள். மன்னிச்சிடுங்க. உங்களை வீட்டுல கொண்டு போய் விட்டுடறேன்... இல்ல சார், நீங்க ஆட்டோவிலயே போயிடுங்க. அதுதான் பாதுகாப்பு."

பாலகுரு தோளிலிருந்து கையை எடுத்தார். காரில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். ஏழாவது கேசரியும் செரித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

ஓவியா காரிலிருந்து இறங்கி நேராக என் எதிரில் வந்து நின்றாள்.

"என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே, அதை இப்பக் கேளுங்க."

"என்னை... பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் ஓவியா. "இந்த வருஷம் இதே நம்பர் வண்டியில என்னைப் பொண்ணு பார்க்க வந்த மூணாவது ஆள் நீங்க. மத்த ரெண்டு பேரும் 'சொந்த வண்டி'ன்னு கடைசி வரைக்கும் சாதிச்சிட்டுப் போனாங்க!"