ஐந்து கட்டங்கள்

"நான்தான் திருடினேன்னு ஒத்துக்கிட்டா லைனை விட்டு வைப்பீங்களா அண்ணே?"

லாண்டரி அக்கா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். சங்க அறையில் ஏசி அப்படிக் குளிர்ந்தது.

"ஒத்துக்கிட்டா வெட்டுறது இன்னும் சுலபம்மா," என்றார் தலைவர். அவர் ஐஸ் கம்பெனி முதலாளி.

மின்சார ஆபீஸ் கைவிரித்துவிட்ட தெரு அது. லைன் நிறைந்துவிட்டது, இனி யாருக்கும் கூடுதலாகக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கடைக்காரர்கள் சங்கம் வைத்து, கூரைகளில் சோலார் தகடு போட்டு, இருக்கிற மின்சாரத்தை முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். லாண்டரி அக்கா ஐந்தாவதாக, கடைசியில் சேர்ந்தவள். பேக்கரி அடுப்பு எரியும்போது லாண்டரி நிற்கும். லாண்டரி ஓடும்போது வெல்டிங் பட்டறை கைகட்டி உட்காரும். மொத்தம் அளவைத் தாண்டினால் வாசல் கம்பத்தில் பச்சை விளக்கு சிவப்பாகும். அந்தச் சிவப்பு நீடித்தால் தெரு முழுக்கக் கரன்ட் போய்விடும்.

சில மாதங்களாக அது தினமும் போனது. ஐஸ் பாதியில் இளகியது. பேக்கரி மாவு பாதியில் அமுங்கியது. இப்போதும் ஜன்னலுக்கு வெளியே, சாயங்கால வெளிச்சத்தில், விளக்கு சிவப்பாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை. அதில் ஐந்து கடைக்கு ஐந்து கட்டங்கள். யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றிலும் எண் ஓடியது. திரைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டிகள் ஓயாமல் உறுமின.

"அஞ்சையும் கூட்டினா அளவுக்குள்ளதான் வருது. வெளியில சிவப்பு எரியுது," என்றார் தலைவர். "அப்போ மீட்டருக்குத் தெரியாம யாரோ கொக்கி போடுறாங்க."

"யாரோன்னா நானா?"

"நீ சேர்ந்ததுலேருந்துதானேம்மா இந்தக் கூத்து."

"நான் சேர்ந்தப்போ சந்தான்னு கறந்தீங்க. அதுலதான் இந்த ரூமே வந்துச்சு. நல்லாத்தான் குளிருது." அவள் தோளைத் தேய்த்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரி பெட்ஷீட்டெல்லாம் காலையிலேருந்து சோப்புத் தண்ணியில ஊறுது. நாளைக்குப் போகலேன்னா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும். அதுக்கப்புறம் நான் என்ன பண்றது? உங்க ஐஸுக்கு மரத்தூள் போடவா?"

"எங்க ரொட்டியே ஒரு பக்கம் வேகுது, இன்னொரு பக்கம் யோசிக்குது," என்றார் பேக்கரிக்காரர். "என்னால இனிமே முடியாதும்மா. மத்த ரெண்டு பேரும் சம்மதம் சொல்லிட்டுத்தான் போனாங்க."

தலைவர் மூலைப் பக்கம் திரும்பினார். "டேய் ஃபியூஸ், போய் அந்தம்மா கடை லைனை எடுத்துட்டு வா."

ஃபியூஸ் சங்கத்தின் எலக்ட்ரீஷியன். தெருவின் ஒவ்வொரு ஒயரும் அவன் இழுத்தது. ராத்திரி பேட்டரிக்குக் காவல், பகலில் ரிப்பேர். தூக்கமில்லாமல் ஃபியூஸ் போன பல்பு மாதிரி இருந்த அவன் கண்ணைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். எழுந்து போனான். திரும்பி வந்தபோது லாண்டரியின் ஃபியூஸ் கட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"வெட்டியாச்சு," என்றாள் லாண்டரி அக்கா. "சிவப்பு போகலையே."

"மெதுவாத்தான் எறங்கும்."

"கரன்ட் என்ன காப்பியா தலைவரே, மெதுவா ஆறுறதுக்கு?" என்றார் பேக்கரிக்காரர். தலைவர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மெதுவாக இறங்காது என்று ஃபியூஸுக்குத் தெரியும். சொன்னால், அப்போ நீயே கண்டுபிடி என்பார்கள். கம்பம் கம்பமாக ஏற வேண்டும். அவன் சரியாகத் தூங்கியே பல நாளாகிவிட்டது. ஃபியூஸ் கட்டையைப் பைக்குள் இன்னும் கீழே தள்ளினான்.

லாண்டரி அக்கா கடைச் சாவியை எடுத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் வந்தபோது நின்றாள்.

"நீயுமா தம்பி?"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு என்னக்கா தெரியும். எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன்."

"சரி விடு. ஊற வெச்சதைக் கையால தோய்ச்சுக்கறேன். கைக்கு மீட்டர் இல்லை பாரு."

அவள் படியிறங்கினாள். பேக்கரிக்காரரும் பின்னாலேயே போனார். தலைவர் வாசலில் நின்று அறையை ஒருமுறை பார்த்தார்.

"திருடு புடிச்சாச்சு. இனிமே இதை யாரு உக்காந்து பாக்கப்போறா? எல்லாத்தையும் அணைச்சுப் பூட்டிட்டு வா. இந்த ரூம் தொறந்ததுலேருந்து ஒரு நிமிஷம்கூட அணைச்சதில்லை. அதுவும் கொஞ்சம் தூங்கட்டும்."

எனக்குக் கிடைக்காத தூக்கம் என்று நினைத்துக்கொண்டே ஃபியூஸ் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான். திரை செத்தது. உறுமல் அடங்கியது. ஏசி ஒருமுறை முனகி நின்றது.

கீழே கைதட்டல் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தான். கம்பத்தில் விளக்கு பச்சையாக எரிந்தது.

"டேய் ஃபியூஸ், பாத்தியா?" தலைவர் அண்ணாந்து கத்தினார். "நான் சொல்லல? கொஞ்சம் லேட்டாச்சு, அவ்வளவுதான். அந்தம்மாவேதான்."

லாண்டரி அக்கா சாவியோடு கம்பத்தடியில் நின்றிருந்தாள். விளக்கைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள், அவை தனக்குத் தெரியாமல் எதையோ எடுத்துவிட்டன என்பதுபோல.

ஃபியூஸின் கை இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது. ஐந்து கடைக்கு ஐந்து கட்டங்கள். ஆறாவதாக இந்த அறைக்கு ஒரு மீட்டர் வைக்க யாரும் சொல்லவில்லை, அவனும் வைக்கவில்லை.

சுவிட்சை மறுபடி மேலே தள்ளினான். ஏசி குளிரத் தொடங்கியது, விளக்கு சிவந்தது, கீழே பேச்சு நின்றது.